ஆறு இல்லாத ஊரில் ஓடக் கூடாதா?

கொத்தமங்கலம் என்ற பெயரில் மூன்று ஊர்களாவது இருக்கின்றன. முதலாவது கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டத்தில். மலையாளத்தில் அது கோதமங்கலம். பெரியாறு, பூதத்தான்கெட்டு அணை, ரப்பர் தோட்டம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் காலண்டர் படம் மாதிரி இருக்கும். இரண்டாவது புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கம். மூன்றாவது சிவகங்கை மாவட்டத்தில், கானாடுகாத்தான், பள்ளத்தூருக்கு அக்கம்பக்கத்தில் இருக்கிற செட்டிநாட்டுக் கொத்தமங்கலம்.

காலையில் ஓடுவதற்கு அழகான இடம் எது என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதல் ஊருக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். மூன்றாவது ஊரைச் சொன்னால் சிரிப்பார்கள். "அங்கிட்டு என்னப்பா இருக்கு? செம்மண்ணும் சீமைக்கருவேலமும்தானே? ஒரு ஆறு உண்டா?"

இந்தக் கேள்வியே கோணல். ஆறு இருந்தால்தான் ஊர் அழகு, அழகு இருந்தால்தான் ஓட்டம் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரை, லண்டனில் தேம்ஸ் கரை, பனிமூட்டத்தில் காதில் இயர்போனோடு ஒருவர் ஓடுகிறார். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, அப்படி ஓடினால்தான் ஓட்டம் என்று மனசில் பதிந்துவிட்டது. சரி, சிவகங்கை மாவட்டத்தில் ஆறே இல்லையா? இருக்கிறது. திருப்புவனத்திலும் மானாமதுரையிலும் வைகை போகிறது. வருஷத்தில் பல மாதம் அங்கே ஓடுவது தண்ணீர் இல்லை, மணல்தான். அதையும் லாரியில் ஏற்றி ஓட்டியது போக மிச்சம். ஆற்றங்கரை என்றால் உடனே சொர்க்கம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை மே மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கேரளத்துக்காரன் ஜெயித்தது ஆற்றாலா?

இதில் ஒரு நல்ல வேடிக்கை உண்டு. கேரளத்துக் கோதமங்கலம் உண்மையிலேயே ஓட்டக்காரர்களின் ஊர். அந்தச் சின்ன ஊரில் இருக்கிற செயிண்ட் ஜார்ஜ், மார் பேசில் என்ற இரண்டு பள்ளிக்கூடங்கள் கேரள மாநிலப் பள்ளித் தடகளப் போட்டிகளில் பல ஆண்டுகள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு கோப்பையைத் தூக்கின. மார் அத்தனேசியஸ் கல்லூரிக்கும் தடகளத்தில் பெரிய பெயர்.

"பார்த்தியா, ஆறு இருக்கிற ஊர்ல ஓட்டக்காரன் பொறக்குறான்" என்று இதற்கும் ஒரு கூட்டம் தலையாட்டும். அப்படியானால் கேரளத்தில் ஆறு இல்லாத ஊர் எது? ஆற்றங்கரைதான் காரணம் என்றால் அங்கே ஊருக்கு ஊர் சாம்பியன்கள் வரிசை கட்டி நிற்க வேண்டும். அந்த இரண்டு பள்ளிகளும் ஜெயித்ததற்குக் காரணம் ஆசிரியர்கள். விடியற்காலையில் கையில் ஸ்டாப்வாட்சோடு மைதானத்தில் நின்ற உடற்கல்வி ஆசிரியர்கள். ஏழைப் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் வேளைக்குச் சோறும் கொடுத்த ஏற்பாடு. பெரியாற்றில் தண்ணீர் எவ்வளவு போனது என்று எந்தப் பிள்ளையும் பார்த்துக்கொண்டு ஓடவில்லை.

கென்யாவில் இட்டன் என்று ஒரு சின்ன ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2400 மீட்டர் உயரம். உலகத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களில் பலர் பயிற்சி எடுக்கிற இடம். அந்த உயரம் செட்டிநாட்டுக்கு வராது, அது வேறு கதை. ஆனால் அவர்கள் எதன்மேல் ஓடுகிறார்கள்? செம்மண் சாலை. மாடு போகிற, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற சாதாரணச் செம்மண் சாலை. அதே செம்மண்ணைத்தான் கொத்தமங்கலத்தில் "இங்க என்ன இருக்கு" என்கிறார்கள்.

யார் ஓடுகிறார்கள்?

அழகான ஓட்டப்பாதை வேண்டும் என்று பேசுகிறவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். செட்டிநாட்டுக்கு இப்போது வெளியூர்க் கூட்டம் நிறைய வருகிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பூட்டிக் கிடந்த சில வீடுகள் தங்கும் விடுதிகள் ஆயின. வந்து தங்குகிறவர் காலையில் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு, பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்த கையோடு தெருவில் நாலு சுற்று ஓடிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, இட்லி சாப்பிடப் போவார். நல்லது, ஓடட்டும். அவர் மேல் யாருக்கும் கோபம் இல்லை.

ஆனால் அவர் எழுந்திருப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே ஓடி முடித்துவிட்டுப் போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிற பையன்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிற இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் சுற்று என்று கணக்கு வைத்தால் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 1 நிமிஷம் 52 வினாடி. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிஷம் 30 வினாடி. ராணுவத்துக்குப் போகிறவனுக்கு 1.6 கிலோமீட்டர். அதில் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஐந்தரை நிமிஷத்துக்குள் வர வேண்டும் என்பது பல வருஷமாகப் பையன்கள் மனப்பாடமாக வைத்திருக்கிற கணக்கு.

கேட்க இதெல்லாம் சின்ன எண்கள். ஒலிம்பிக்கில் ஓடுபவன் சிரிப்பான். ஆனால் எழுத்துத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டு, 7 நிமிஷம் 4 வினாடியில் வந்து சேர்ந்து, அந்த 4 வினாடிக்காக வீட்டுக்குத் திரும்பியவனுக்கு அது சின்ன எண் இல்லை. அடுத்த தேர்வு வருவதற்குள் வயசு வரம்பு தாண்டிவிடும். அப்பா வயல்காட்டில், அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலையில். இவனுக்கு இருந்த ஒரே கதவு அந்த மூன்றே முக்கால் சுற்று.

இவன் எங்கே ஓடிப் பழகுகிறான்? தார்ச்சாலையில். விடியற்காலை நாலரை மணி, தெருவிளக்கு பாதி எரியும், பாதி எரியாது. திருச்சி - காரைக்குடி சாலையிலும் அதில் வந்து சேர்கிற கிளைச் சாலைகளிலும் வெள்ளைக் கோட்டை ஒட்டி ஓடுகிறான். எதிரே மணல் லாரி, பின்னால் ராத்திரி முழுக்கத் தூங்காத டிரைவர் ஓட்டுகிற பஸ். இந்தப் பையனுக்கு 'இயற்கை எழில் கொஞ்சும்' பாதை வேண்டாம். உயிரோடு திரும்பி வருகிற பாதை ஒன்று கிடைத்தால் போதும்.

பாதை ஏற்கெனவே இருக்கிறது

எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டே பார்க்காமல் விடுவது இதைத்தான். செட்டிநாடு மாதிரி ஓடுவதற்கென்றே அமைந்த இடம் தமிழ்நாட்டில் குறைவு.

முதலில் தெரு. செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் நூல் பிடித்தமாதிரி நேராகப் போகும், குறுக்குத் தெரு செங்குத்தாக வெட்டும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அதாவது இரண்டு தெருவுக்கு இடைப்பட்ட தூரம் முழுக்க ஒரே வீடு. ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. வளைவு நெளிவு இல்லாத நேர்த் தெரு, மூலை, மறுபடி நேர்த் தெரு. பல வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடப்பதால் காலையில் வண்டியும் அதிகம் இருக்காது.

அடுத்தது ஊருணி. ஆறு இல்லாத ஊரைக் கட்டியவர்கள் தண்ணீருக்கு என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்திருக்கிறார்கள். ஓட்டிலிருந்து வழிகிற மழைநீர் முற்றத்தில் விழும், முற்றத்திலிருந்து வடிகாலில் போகும், ஊருணியில் சேரும். செம்புராங்கல் கட்டிய நாலு கரை, படித்துறை. ஊருணியைச் சுற்றி எப்போதும் ஆள் நடக்க இடம் விட்டிருப்பார்கள். ஓடிப் பழகத் தொடங்குகிறவர்களுக்கும் வயசானவர்களுக்கும் அந்தச் சுற்று போதும்.

மூன்றாவதுதான் ராஜா. கண்மாய்க்கரை.

ஆற்றங்கரை ஆற்றங்கரை என்று உருகுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சிவகங்கைச் சீமையில் ஏதாவது ஒரு கண்மாய்க்கரையில் ஏறி நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், மறுபக்கம் கீழே நாற்று. நாரையும் கொக்கும் இறங்கும். இந்த மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டன. பறவைகள் பயப்படும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதைவிட 'எழில்' எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது? கரை மண் கரை. கல்லும் கான்கிரீட்டும் இல்லை. உயரத்தில் இருப்பதால் காற்று வரும். நீளமாகப் போகும். முக்கியமாக, லாரி வராது.

நாலாவது ஒன்று, கொஞ்சம் சிரிப்புக்காகவும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் செட்டிநாட்டில் விமானம் இறங்க ஒரு ஓடுதளம் போட்டான். போர் முடிந்தது, விமானமும் நின்றது. மறுபடி விமானம் விடலாம் என்று அவ்வப்போது பேச்சு கிளம்பி அடங்கும். பெயரே ஓடுதளம். மனுஷன் ஓடலாமா என்று ஒருத்தரும் கேட்கக் காணோம்.

ஐந்தாவது, கால்நடைப் பாதை. ஆடு மாடு நடப்பது இல்லை, மனுஷக் கால் நடந்தது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் சேர்ந்து அங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்தே போகிறது. நானூறு வருஷ வழக்கம் என்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, பலர் திரும்பியும் நடந்தே வருகிறார்கள். எழுபது வயசு ஆச்சி நடக்கிறார். வழி நெடுக மோர், பானகம், காலுக்கு எண்ணெய், படுக்க இடம். இன்றைக்கு மாரத்தான் நடத்துகிறவர்கள் 'வாட்டர் ஸ்டேஷன்' என்று பெரிதாக அறிவிப்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் காசு வாங்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் வைத்துக்கொண்டு "ஆறு இல்லை" என்று அழுவது, பானை நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பிரியாணிக் கடைக்கு வழி கேட்பது மாதிரி.

முள்ளும் பேவர் பிளாக்கும்

சரி, இருக்கிறது என்றால் ஏன் அந்தப் பையன் தார்ச்சாலையில் ஓடுகிறான்? பல கண்மாய்க்கரைகளில் ஏற முடியாது என்பதால். ஏறினால் சீமைக்கருவேல முள் காலைக் கிழிக்கும். கரையின் இரண்டு சரிவிலும் முளைத்து மேலே வந்து கை கோத்து நிற்கிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வெட்டச் சொன்னது. மாவட்டம் மாவட்டமாகப் பொக்லைன் இறங்கியது. பிறகு தடை வந்தது. வேரோடு எடுக்காத இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடி தழைத்தது.

இங்கேதான் விஷயம் வெறும் ஓட்டத்தைத் தாண்டுகிறது. கண்மாய்க்கரையின் மேல் பக்கம் தட்டையாக, ஆள் நடக்கிற அகலத்தில் இருப்பது அழகுக்காக இல்லை. நீர்ப்பாய்ச்சி தினமும் கரைமேல் நடந்து பார்க்க வேண்டும். எங்கே எலி வளை போட்டிருக்கிறது, எங்கே கசிகிறது, மடை சரியாக அடைத்திருக்கிறதா, கலுங்கில் எவ்வளவு தண்ணீர் வழிகிறது. ராத்திரி மழையில் கரையில் ஒரு விரல் ஓட்டை விழுந்தால் விடியும்போது அது வாய்க்கால். யாராவது அந்த வழியாகப் போனால்தான் அது கண்ணில் படும். ஆள் நடக்காத கரையில் முள் வரும். முள் வந்தால் இன்னும் ஆள் நடக்க மாட்டார்கள். பிறகு ஒரு ஐப்பசி மழையில் கரை உடைந்த செய்தி பேப்பரில் வரும்.

தினம் காலையில் இருபது பையன்கள் கரைமேல் ஓடினால், சம்பளம் இல்லாமல் இருபது காவல்காரர்கள் கிடைத்தமாதிரி. கண்மாயில் அரைகுறையாகத் தண்ணீர் இருந்தாலும் கசிவு இருந்தாலும் திருட்டு மண் அள்ளினாலும் முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

ஆனால் ஊர்களில் நடப்பது என்ன? பணம் வந்தால் அது பேவர் பிளாக் ஆகிறது. தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஊருணியைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாக பேவர் பிளாக், எவர்சில்வர் கைப்பிடி, நாலு சிமெண்டு பெஞ்சு, 'ஐ லவ்' என்று ஊர் பெயரோடு மின்சார எழுத்து, திறப்பு விழாக் கல்வெட்டில் பத்துப் பதினைந்து பெயர். அப்புறம் ஒரு கம்பிக் கதவு, அதில் ஒரு பூட்டு. காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். நாலரைக்கு ஓடுகிறவன் வெளியே. ஒரு வருஷத்தில் கல் பெயர்ந்துவிடும், ஓடினால் கணுக்கால் பிசகும். கொடுமை என்னவென்றால், கரையை உயர்த்திக் கல் பதிக்கிற அவசரத்தில் ஊருணிக்கு மழைநீர் கொண்டுவருகிற வடிகாலை அடைத்துவிடுவார்கள். நடைபாதை இருக்கும், ஊருணியில் தண்ணீர் இருக்காது. எந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடக்கத்தான் இத்தனையும்?

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 38 மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை. யோசனை நல்ல யோசனை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் அது பெரிய ஊருக்குத்தான் போகும். நடப்பதற்காகக் கொத்தமங்கலத்துக்காரர் பஸ் ஏறிப் போக முடியுமா? நடைப்பயிற்சிக்கு பஸ் டிக்கெட் எடுப்பது நல்ல நகைச்சுவை.

மாட்டுக்கு மறிக்கிற சாலை

இந்தச் சீமைக்கு ஓட்டம் புதுசு இல்லை. தை பிறந்தால் சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டு. மாடு ஓடும், மனுஷனும் ஓடுவான். கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம். பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து, தார்ச்சாலையில் இத்தனை மைல் என்று தூரம் வைத்து, போக்குவரத்தை நிறுத்தி நடத்துகிறார்கள். இரண்டு பக்கமும் ஜனம் விசில் அடிக்கும். நல்ல விஷயம், நடக்கட்டும்.

மாட்டுக்காக ஒரு காலைப் பொழுது சாலையை மறிக்கத் தெரிந்த ஊருக்கு, மனுஷப் பிள்ளைகளுக்காக ஒரே ஒரு கிளைச் சாலையை விடியற்காலை ஒரு மணி நேரம் மறிக்கத் தெரியாதா? இரண்டு பழைய டிரம், ஒரு மூங்கில். அவ்வளவுதான் செலவு.

மனுஷனுக்கு ஓட்டம் என்றால் வருஷத்துக்கு ஒரு நாள் 'மாரத்தான்' வைப்பார்கள். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். இவர்கள் வைப்பது மூன்று கிலோமீட்டர் அல்லது ஐந்து. அதற்கு 'மினி மாரத்தான்' என்று பெயர். பனியன் கொடுப்பார்கள், அதில் நகைக்கடை விளம்பரம் இருக்கும். கொடி அசைப்பவர் வர ஒன்பது மணி ஆகும், பிள்ளைகள் அதுவரை வெயிலில் நிற்கும். மறுநாள் காலை அந்தப் பையன் மறுபடி வெள்ளைக் கோட்டோரம் தனியாக ஓடிக்கொண்டிருப்பான், நேற்றுக் கொடுத்த பனியனோடு.

பெண் பிள்ளைகள்

பையனுக்காவது தார்ச்சாலை இருக்கிறது. பெண் பிள்ளைக்கு? "விடியுமுன்ன பொம்பளப் புள்ள எங்கிட்டு ஓடுது?" என்று திண்ணையில் இருக்கிறவர் கேட்பார். அவர் கேட்டது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளையின் ஓட்டம் நின்றுவிடும்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். தாத்தா அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது வீட்டுக்கு வெளியே இருந்த வெறும் மண் தரையில். அங்கிருந்து 2006 தோஹா ஆசிய விளையாட்டு வரை போய் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தது வேறு கொடுமை. அதற்குத் தனியாக எழுத வேண்டும். அதே புதுக்கோட்டையிலிருந்து எல். சூர்யா 2016இல் குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம். மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி ஆரம்பத்தில் வெறுங்காலில் ஓடியவர், டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரைக்கும் போனார்.

இவர்கள் யாருக்கும் ஆற்றங்கரைப் பாதை இருந்ததாகக் கதை இல்லை. கொஞ்சம் மண் தரையும், "ஓடு தாயி" என்று சொல்ல வீட்டில் ஒருத்தரும், பார்த்துத் திருத்த ஒரு பயிற்சியாளரும் இருந்தார்கள். இந்த மூன்றில் எது கொத்தமங்கலத்தில் கொடுக்க முடியாதது? காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியே இருக்கிறது. ஓடக் கற்றுக்கொடுக்கப் படிக்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஓட ஆசைப்படுகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். நடுவில் சில மைல் தூரம்தான். பள்ளிக்கூடத்தில் என்னடாவென்றால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார், திருப்பித் தருவதே இல்லை.

மறுப்பு சொல்வார்கள்

"கண்மாய்க்கரை என்ன விளையாட்டு மைதானமா? ஓடி ஓடிக் கரை தேய்ந்துவிடாதா?" என்று கேட்பார்கள். டிராக்டர் ஏறினால் தேயும், பைக் ரேஸ் விட்டால் தேயும். மனுஷக் கால் பட்டால் மண் இறுகும். கரையில் மண் சரிந்த இடம் இருந்தால் ஓடுகிறவன்தான் முதலில் தடுக்கி விழுவான், அன்றைக்கே ஊருக்குத் தெரியும்.

"பாம்பு இருக்குமே?" இருக்கும். புதர் இருக்கிற இடத்தில் இருக்கும். புதரை வெட்டச் சொல்வதுதானே மொத்த வாதமும்?

"சுற்றுலா வந்தால் ஊருக்கு வருமானம்தானே? அழகுபடுத்தினால் என்ன தப்பு?" இது நியாயமான கேள்வி. பூட்டிக் கிடந்து இடிந்து விழுவதைவிட வீடுகள் விடுதி ஆவது எவ்வளவோ மேல், வேலையும் கிடைக்கிறது. ஆனால் பத்தாயிரம் மைல் தாண்டி வருகிறவர் பேவர் பிளாக்கைப் பார்க்க வருவதில்லை. அது அவர் ஊரிலேயே இருக்கிறது. முள் வெட்டிய கண்மாய்க்கரையில் விடியற்காலையில் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்தால் அவரும் கூட ஓடுவார். ஊர்க்காரனுக்கு என்று செய்தது விருந்தாளிக்கும் பிடிக்கும். விருந்தாளிக்கு என்று மட்டும் செய்ததில் ஊர்க்காரனுக்கு இடம் இருக்காது, பூட்டு இருக்கும்.

"யார் செய்வது?" இதற்கும் பதில் காகிதத்திலேயே இருக்கிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. எந்தக் கண்மாய் யாருடையது என்று கேட்க ஒரு மனு போதும். 2017இல் அரசு குடிமராமத்து என்று பழைய பெயரை மீட்டு, கண்மாய் வேலையை ஆயக்கட்டுக்காரர்களிடமே கொடுத்துப் பார்த்தது. பெயர் பழையது, பழக்கமும் பழையது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு கரைக்குப் போன ஊர்கள்தான் இவை.

ஆகவே வேண்டியது ரொம்பக் குறைவு. ஐப்பசிக்கு முன்னால் கரைமேல் இருக்கிற முள்ளை வேரோடு எடுக்க வேண்டும், வருஷா வருஷம். கரைக்கு ஏறுகிற இரண்டு முனையிலும் விடியற்காலை நாலரையிலிருந்து எரிகிற மாதிரி ஒவ்வொரு விளக்கு. ஒரு அளவு டேப்பையும் ஒரு சட்டி சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு போய் நூறு மீட்டருக்கு ஒரு கல்லில் கோடு போட வேண்டும். 400இல் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கோடு, 1500இல் பையன்களுக்கு ஒரு கோடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே ஒரு சனிக்கிழமையில் செய்துவிடுவார்கள். பி.டி. பீரியடை பி.டி. வாத்தியாரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கல்வெட்டு வைக்க இதில் எதுவும் இல்லை என்பதுதான் இதிலிருக்கிற ஒரே குறை. திறப்பு விழாவுக்கும் இடம் இல்லை. சுண்ணாம்புக் கோட்டை யார் வந்து ரிப்பன் வெட்டித் திறப்பார்? ஆனால் அந்தக் கோட்டை 7 நிமிஷத்துக்குள் தாண்டுகிறவன் வீட்டில் ஒரு சம்பளம் வரும். அவன் ஓடுகிற கரைக்குக் கீழே இருக்கிற வயலில் ஒரு போகம் விளையும். இரண்டுக்கும் சேர்த்துச் செலவு ஒரு சட்டி சுண்ணாம்பும் கொஞ்சம் மண்வெட்டி வேலையும்.